மாத்திரையை நிறுத்துங்கள், மினாக்ஸிடிலை விடாதீர்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. சேலத்தில் கணக்காளராக இருக்கிறேன். உயரம் 170 செ.மீ., எடை 85 கிலோ. அப்பாவுக்கு 35 வயதுக்குள் முழுச் சொட்டை. எனக்கும் உச்சியில் விழ ஆரம்பித்ததால் தோல் மருத்துவர் எழுதித் தந்தபடி ஐந்து மாதமாகத் தினம் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. சாப்பிடுகிறேன். மினாக்ஸிடில் 5% இரவில் ஞாபகம் வந்தால் தடவுவேன். முடி கொட்டுவது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மூன்று வாரமாக இடது முலைக்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. பனியன் உரசினாலே வலிக்கிறது, குப்புறப் படுக்க முடியவில்லை. பள்ளி நாளிலிருந்தே மார்பு கொஞ்சம் உப்பலாகத்தான் இருக்கும். ஜிம்முக்குப் போகிறேன், புரோட்டீன் பவுடர் எடுக்கிறேன், முடிக்காக பயோட்டின் மாத்திரையும் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதுமா? டூட்டாஸ்டரைடுக்கு மாறச் சொல்கிறார் நண்பர். ஆறு மாதத்தில் கல்யாணம். முடியும் வேண்டும், மார்பும் இப்படி ஆகக் கூடாது. என்ன செய்வது?

பதில்: ஃபினாஸ்டரைடை இன்றிலிருந்தே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து அல்ல அது. ஒரே நாளில் விடலாம். எழுதித் தந்த மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மினாக்ஸிடிலை மட்டும் விடாதீர்கள். இன்னும் சொன்னால், அதை இனிமேல்தான் ஒழுங்காகத் தடவப் போகிறீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், முடிக்கு அவகாசம் இருக்கிறது, மார்புக்கு அவ்வளவு இல்லை. ஃபினாஸ்டரைடை நிறுத்தினால் அது காத்துக்கொடுத்த முடி மறுநாளே உதிர்ந்துவிடாது. கிடைத்த பலன் கரைய ஏறக்குறைய 12 மாதம் வரை ஆகும். மூன்று மாத இடைவெளியில் இழப்பது கொஞ்சம்தான். மார்பின் கணக்கு வேறு. முலைக்காம்புக்கு அடியில் பால் சுரப்பித் திசு வளரத் தொடங்கும் முதல் சில மாதங்களில் அது மென்மையாக, நீர்கோத்து, தொட்டால் வலிப்பதாக இருக்கும். இந்தக் கட்டத்தில் காரணத்தை விலக்கினால் பெரும்பாலும் சுருங்கிவிடும். விட்டுவைத்தால் நாரிழைகள் படிந்து இறுகிவிடும். ஓர் ஆண்டு தாண்டினால் மாத்திரையை நிறுத்தினாலும் கரையாது. அறுவை சிகிச்சைதான் வழி. மருந்தைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்போது வலி தானாகக் குறைந்தால் அது குணம் அல்ல. பலர் "வலி போய்விட்டது, சரியாகிவிட்டது" என்று நினைத்து மாத்திரையைத் தொடர்வது அந்தத் திசு இறுகும் காலத்தில்தான். உங்களுக்கு இப்போது வலிக்கிறது என்பது நல்ல செய்தி. மூன்று வாரம்தான் ஆகிறது என்பது அதைவிட நல்ல செய்தி.

மாத்திரைக்கும் மார்புக்கும் என்ன தொடர்பு? டெஸ்டோஸ்டிரோன் உடலில் இரண்டு வழியில் மாறும். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டி.எச்.டி. என்ற இன்னொரு ஆண் ஹார்மோனாக ஆக்குகிறது, வழுக்கைக்கு வாகான மயிர்க்கால்களைச் சுருக்குவது இந்த டி.எச்.டி.தான். அரோமட்டேஸ் என்ற இன்னொரு நொதி அதே டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனாக ஆக்குகிறது. மார்புச் சுரப்பியை வளரத் தூண்டுவது அது. ஃபினாஸ்டரைடு முதல் வழியை அடைக்கிறது. தினம் 1 மி.கி. சாப்பிட்டால் ரத்தத்தில் டி.எச்.டி. சுமார் 70% இறங்கும். டி.எச்.டி.யாக மாறாமல் தேங்கும் டெஸ்டோஸ்டிரோனும், கூடவே எஸ்ட்ராடியோலும், சுமார் 15% ஏறும். இரண்டும் இயல்பான எல்லைக்குள்தான் நிற்கும், அதனால் ரத்தப் பரிசோதனை "நார்மல்" என்றே வரலாம். ஆனால் மார்புத் திசு பார்ப்பது தூண்டுவதற்கும் தடுப்பதற்கும் உள்ள விகிதத்தை. தடுத்துவந்த டி.எச்.டி. இறங்கி, தூண்டும் எஸ்ட்ராடியோல் சற்று ஏறினால் தராசு சாய்ந்துவிடும். அரோமட்டேஸ் கொழுப்புத் திசுவில் அதிகம். 170 செ.மீ. உயரத்துக்கு 85 கிலோ என்பதால், தராசு ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்துதான் இருந்திருக்கும். பருவ வயதில் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் மார்பு கொஞ்சம் வீங்கி ஓரிரு ஆண்டில் அடங்கும்; சிலருக்கு அந்தச் சுரப்பி ஒரு சிறு வட்டாகத் தங்கிவிடும். பள்ளி நாளிலிருந்து உப்பல் என்கிறீர்களே, அது கொழுப்பா, தங்கிய சுரப்பியா என்று யாராவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாத்திரை தொடங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இப்போதாவது செய்யுங்கள்.

மல்லாந்து படுங்கள். இடது கையைத் தலைக்குப் பின்னால் வையுங்கள். வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் பதித்து, மெல்ல அழுத்தியபடி முலைக்காம்பை நோக்கி நகர்த்துங்கள். வெறும் கொழுப்பானால் விரல்கள் தடையில்லாமல் காம்புவரை வந்து சேரும். சுரப்பியானால் காம்பின் கருவட்டத்துக்கு நேர் அடியில், ரப்பர் போல விறைப்பான ஒரு வட்டு விரல்களைத் தடுக்கும். விளிம்பு தெரியும், காம்பை மையமாகக் கொண்டு நாலாபக்கமும் பரவியிருக்கும். விட்டத்தை ஒரு ஸ்கேலால் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். வலது பக்கமும் பாருங்கள். ஒருபக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி வருவது சகஜம். வாரம் ஒருமுறைக்கு மேல் தொடாதீர்கள். தினமும் கிள்ளிப் பார்த்தால் வலி எதனால் என்றே தெரியாமல் போகும்.

இந்தப் பக்கவிளைவு எத்தனை பேருக்கு வருகிறது? முடிக்கான 1 மி.கி. அளவில் நடந்த தொடக்க ஆய்வுகளில் மார்பு வீக்கத்தில், ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. மருந்து விற்பனைக்கு வந்த பிறகு வந்த புகார்களால்தான் மருந்துத் தாளில் இது இடம்பெற்றது. பெரிய எண்கள் புராஸ்டேட்டுக்கான 5 மி.கி. அளவிலிருந்தே கிடைக்கின்றன. 2003-ல் முடிவு வெளியான அமெரிக்கப் புராஸ்டேட் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 18,882 ஆண்கள் சேர்ந்தார்கள். ஏழு ஆண்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.5% பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.8% பேருக்கும் மார்பு வீங்கியது. அவர்கள் வயதும் வேறு, அளவும் வேறு. அந்த எண்ணை அப்படியே உங்கள்மேல் ஏற்ற முடியாது. ஆனால் போலி மாத்திரைக்காரர்களிலும் 2.8% என்பதைக் கவனியுங்கள். மாத்திரை சாப்பிடும்போது வந்த கட்டி எல்லாம் மாத்திரையால் வந்ததாகாது. மற்றக் காரணங்களையும் பார்த்தே தீர வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீங்கள் கேட்ட இரண்டு குறுக்கு வழிகள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது இந்த மருந்தில் உங்களுக்கு உதவாது. மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய 5, 6 மணி நேரம்தான். ஆனால் அது நொதியோடு ஒட்டிக்கொண்டால் விலக வாரக்கணக்கில் ஆகும். அதனால் அளவைக் குறைத்தாலும் டி.எச்.டி. அந்த அளவுக்கு ஏறாது. தினம் 0.2 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்விலேயே ரத்தத்தில் டி.எச்.டி. சுமார் 69% இறங்கியது, 1 மி.கி.க்கு 71%. ஐந்தில் ஒரு பங்கு மருந்துக்கு ஏறக்குறைய அதே வேலை. பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று மனம் சமாதானம் ஆகும், மார்புத் திசுவுக்கு எந்த மாற்றமும் தெரியாது. நல்ல சுருங்கும் காலம் வீணாகும்.

டூட்டாஸ்டரைடு அதைவிடத் தவறான திசை. ஃபினாஸ்டரைடு நொதியின் இரண்டாம் வகையை மட்டும் தடுக்கிறது. டூட்டாஸ்டரைடு இரண்டு வகைகளையும் தடுத்து டி.எச்.டி.யை 90%க்கு மேல் இறக்கிவிடும். பாதியாகக் குறையவே சுமார் ஐந்து வாரம் ஆகும் என்பதால் நிறுத்திய பின்னும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் முடிக்காக அனுமதி உண்டு, மயிர்க்கால்களுக்கு அது வலுவான மருந்துதான். ஆனால் மார்பு வலிக்கும் ஒருவருக்கு, வேண்டாம் என்றால் உடனே வெளியேறாத மருந்தைக் கொடுக்கக் கூடாது. "இயற்கை டி.எச்.டி. தடுப்பான்" என்று விற்கும் சா பால்மெட்டோ மாத்திரைகளும் குறிவைப்பது அதே நொதியைத்தான். மூலிகை என்பதற்காக அதற்குத் தாவாதீர்கள்.

இனி மற்றக் காரணங்கள். நேரில் ஒரு பொது அறுவை மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ இரண்டு வாரத்துக்குள் பாருங்கள். மார்போடு இரண்டு விரைகளையும் அவர் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் கூச்சப்படாமல் நீங்களே கேளுங்கள். இளைஞர்களுக்கு அரிதாக விரையில் வரும் கட்டிதான் மார்பு வீக்கமாக முதலில் வெளித்தெரியும். கல்லீரல், சிறுநீரக, தைராய்டு கோளாறுகள், மது, சில மருந்துகள் இவையும் பட்டியலில் உண்டு. ரிஸ்பெரிடோன், ஸ்பைரனோலாக்டோன், சிமெடிடின், காசநோய்க்கான ஐசோனியசிட், வாயில் போடும் கீட்டோகோனசோல் மாத்திரை ஆகியவை சிலருக்கு இதைச் செய்யும். பொடுகுக்கான கீட்டோகோனசோல் ஷாம்பூ செய்யாது, அதைத் தாராளமாகப் போடலாம்.

புரோட்டீன் பவுடரில் வெறும் பால் புரதம் இருந்தால் அதனால் மார்பு வளராது. ஆனால் "டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்" என்று ஏதாவது சேர்ந்திருந்தால், ஜிம்மில் யாராவது கொடுத்த மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஆண் ஹார்மோன் அரோமட்டேஸ் வழியாக எஸ்ட்ராடியோலாக மாறும். போதாக்குறைக்கு உங்கள் விரைகளின் சொந்த உற்பத்தியையும் நிறுத்திவிடும். இது தெரியாமல் போனால் ஃபினாஸ்டரைடு மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தொடர்ந்துகொண்டிருப்பீர்கள்.

ரத்தப் பரிசோதனையைக் காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வெறும் வயிற்றில் கொடுங்கள், டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். கேட்க வேண்டியவை: மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியோல், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், பீட்டா எச்.சி.ஜி. (சில விரைக் கட்டிகள் சுரக்கும் ஹார்மோன்), டி.எஸ்.எச்., கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நீங்கள் சரியாக அதன்மேல் நிற்கிறீர்கள்: பயோட்டின். ஒருநாள் தேவை 30 மைக்ரோகிராம்தான்; முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5 மி.கி., 10 மி.கி. என்று இருக்கும், அதாவது தேவையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. பல ஆய்வகங்களின் ஹார்மோன் பரிசோதனை பயோட்டின் ஒட்டும் முறையையே பயன்படுத்துவதால், ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியோல் இல்லாத உயரத்தைக் காட்டலாம், டி.எஸ்.எச்., எச்.சி.ஜி. போன்றவை பொய்யாகத் தாழ்ந்து வரலாம். எச்.சி.ஜி. தாழ்ந்து வந்தால் விரைக் கட்டி ஒன்று கண்ணில் படாமலே போகக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப்பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக பயோட்டினை நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள். பயோட்டின் குறைபாடு இல்லாத ஒருவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மறுபடி தொடங்காவிட்டாலும் நஷ்டமில்லை.

நிறுத்திய பின் என்ன எதிர்பார்க்கலாம்? டி.எச்.டி. இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். முதலில் வலி குறையும், வட்டு மெல்ல மெல்லச் சுருங்கும். இதற்கு இரண்டு, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்தும் வலி அப்படியே இருந்தால், அல்லது வட்டு பெரிதானால், மருத்துவர் டமாக்ஸிஃபென் குறுகிய காலத்துக்குக் கொடுக்கக்கூடும். வழக்கமாக நாளுக்கு 20 மி.கி., மூன்று மாதம்வரை. வலிக்கும் புதுக் கட்டியில் அது நன்றாக வேலை செய்யும், இறுகிப்போன பழையதில் செய்யாது. ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் ஜிம் நண்பர் தரும் அட்டையிலிருந்து எடுத்துப் போடும் மருந்து அல்ல அது. ஓர் ஆண்டாகியும் போகாத திசுவுக்குத்தான் அறுவை சிகிச்சை: கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறி வட்டை எடுப்பார்கள், சுற்றியுள்ள கொழுப்பை உறிஞ்சுவார்கள். காம்பு குழிந்துபோகாமல் இருக்க அடியில் கொஞ்சம் திசுவை விட்டுவைப்பது வழக்கம். அதனால்தான் அறுவைக்குப் பின் மறுபடி ஃபினாஸ்டரைடு போட்டால் அந்த மிச்சம் திரும்ப வளரும் அபாயம் இருக்கிறது. "வந்தால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், மாத்திரையை விட மாட்டேன்" என்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது முடி. மினாக்ஸிடில் ஹார்மோனைத் தொடாது, மார்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் பாட்டில் மேல் எழுதியிருப்பதை வெளிச்சத்தில் பிடித்து முழுதும் படியுங்கள். மினாக்ஸிடில் 5%-உடன் ஃபினாஸ்டரைடு 0.1% கலந்த திரவமும் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. சிலவற்றில் பெயருக்குப் பின்னால் "எஃப்" என்ற ஓரெழுத்து மட்டும்தான் வித்தியாசம். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைத் தலையில் தடவிக்கொண்டிருந்தால் நிறுத்தியதாக அர்த்தமில்லை.

காலையில் 1 மி.லி., இரவில் 1 மி.லி. துளிகுழாயில் கோடு வரை எடுங்கள். தலை உலர்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தடவிய தலையில் ஊற்றினால் மருந்து தோலுக்குள் இறங்காது. எண்ணெய் வைத்தே தீர வேண்டுமானால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள். உச்சியில் ஐந்தாறு வகிடு எடுத்து, ஒவ்வொரு வகிட்டிலும் தோலில் படும்படி விடுங்கள். முடியில் பட்டது வீண். விரல் நுனியால் பரப்பி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலை நனைய வேண்டாம். இரவு மருந்தைப் படுக்கும் நேரத்தில் போடாமல் இரண்டு மணி நேரம் முன்பே போடுங்கள். இல்லாவிட்டால் பாதியைத் தலையணை குடித்துவிடும். அரித்தால் பெரும்பாலும் காரணம் அதில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால், நுரை வடிவத்துக்கு மாறினால் அடங்கும். வீட்டில் பூனை இருந்தால் அது உங்கள் தலையையோ தலையணையையோ நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மினாக்ஸிடில் பூனைகளுக்கு விஷம்.

ஒழுங்காகத் தடவத் தொடங்கிய இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முடி கொஞ்சம் அதிகமாக உதிரக்கூடும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதுச் சுற்று தொடங்குவதன் அடையாளம் அது. உங்களுக்கு இது மாத்திரை நிறுத்திய நேரத்தோடு சேர்ந்து வரும் என்பதால் பயந்து மறுபடி மாத்திரையை எடுத்துவிடக் கூடாது. பலனைக் கணிக்க நான்கு மாதம் வேண்டும். மாதம் ஒருமுறை, அதே டியூப்லைட்டின் கீழ், அதே இடத்தில் நின்று உச்சியைப் படமெடுத்து வையுங்கள். கண்ணாடி தினம் ஒன்று சொல்லும். தடவுவது உங்களுக்கு ஒத்துவராது என்றால் குறைந்த அளவு மினாக்ஸிடில் மாத்திரையைத் தோல் மருத்துவர் யோசிக்கலாம். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு பார்த்துத்தான் தொடங்க வேண்டும். கணுக்கால் வீக்கமும் உடம்பில் மற்ற இடங்களில் முடி வளர்வதும் அதன் தொல்லைகள்.

எடையில் எட்டு, பத்து கிலோ குறைத்தால் மார்புக்கு இரட்டை லாபம். உப்பலாகத் தெரியும் கொழுப்பும் போகும், அரோமட்டேஸும் குறையும். பெஞ்ச் பிரஸ் மட்டும் செய்தால் தசை வளர்ந்து அதன்மேல் இருக்கும் வட்டை இன்னும் முன்னே தள்ளும்.

மூன்று மாதம் கழித்து வட்டு முழுதும் போய், பரிசோதனைகளும் சரியாக இருந்தால் ஃபினாஸ்டரைடை மறுபடி தொடங்கலாமா என்று கேட்பீர்கள். உங்களுக்கு நான் மாத்திரையாகத் தர விரும்ப மாட்டேன். ஒருமுறை விழித்த திசு, கூடவே பழைய உப்பல், கூடுதல் எடை. மூன்றும் சேர்ந்திருக்கும்போது இரண்டாம் முறையும் அதுவே நடக்க வாய்ப்பு அதிகம். மினாக்ஸிடில் மட்டும் போதவில்லை என்றால் தடவும் ஃபினாஸ்டரைடைப் பற்றித் தோல் மருத்துவரிடம் பேசலாம். 0.25% தெளிப்பு மருந்தை மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் ரத்தத்தில் டி.எச்.டி. சுமார் 35% இறங்கியது, மாத்திரைக்கு 56%. குறைவுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. அதைத் தொடங்கினால் வாரந்தோறும் அந்த விரல் சோதனை கட்டாயம், முதல் வலியிலேயே நிறுத்த வேண்டும். இந்த மருந்தில் சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையும். அரிதாகச் சிலருக்கு நிறுத்திய பின்னும் அது நீடித்ததாகப் பதிவுகள் உண்டு. தற்கொலை எண்ணத்தையும் பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து அமைப்பு 2025-ல் உறுதிப்படுத்தியது. மனச்சோர்வு முன்பே இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் மறுபடி தொடங்காதீர்கள்.

கல்யாணத்துக்கு ஆறு மாதம் என்பது இதற்கெல்லாம் போதுமான காலம். விந்தணு எண்ணிக்கை யாருக்காவது குறைந்திருந்தாலும் நிறுத்தியபின் சில மாதங்களில் திரும்புவதே வழக்கம். மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையை வீட்டில் வைக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த ஃபினாஸ்டரைடைக் கையால் தொடக் கூடாது, ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானமும் வேண்டாம்.

இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது: கட்டி காம்புக்கு நேர் அடியில் இல்லாமல் ஓரமாக, கல்போல், வலியே இல்லாமல் இருந்தால், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால், காம்பு உள்ளிழுத்தால், மேல்தோல் குழிந்தால், அக்குளில் நெறி கட்டினால், விரையில் கட்டி தட்டுப்பட்டால். நீங்கள் எழுதியதில் இவற்றில் எதுவும் இல்லை. போகும்போது மாத்திரை அட்டை, மினாக்ஸிடில் பாட்டில், புரோட்டீன் டப்பா, பயோட்டின், கட்டியின் அளவு எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.